மாதக் கணக்கை நம்பி வீரரை களமிறக்க மாட்டோம்... டாக்டரை மட்டும்?

கபடி ரெய்டில் சட்டென்று திரும்புகிறார் ஒரு வீரர். முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எம்ஆர்ஐ ஸ்கேனில் ஏசிஎல் லிகமென்ட் கிழிந்திருப்பது தெரிகிறது. ஆபரேஷன் முடிந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "டாக்டர், எப்போ ஆடலாம்?"

இதற்கு மாதக் கணக்கு மட்டும் பதில் ஆகாது. 9 மாதம் முடிவதற்குள் களமிறங்குபவர்களுக்கு மறுபடி அடிபடும் ஆபத்து அதிகம் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொடையின் முன்பக்கத் தசை இரண்டு கால்களிலும் ஏறக்குறைய சம வலிமையோடு இருந்தால் ஆபத்து குறைகிறது என்றும் அது சொன்னது. அதனால்தான் வீரரை ஒற்றைக் காலில் தாவச் சொல்கிறார்கள், தசை வலிமையை அளக்கிறார்கள். தேறினால்தான் களம்.

சரி, அந்த வீரருக்கு ஓகே சொல்லும் டாக்டர் எப்படித் தேறினார்? பெரும்பாலும் வருடக் கணக்கில்தான்.

பழைய முறையில் என்ன சிக்கல்?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889-ல் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய பயிற்சி முறைதான் இன்றைய அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு அடித்தளம். சீனியரோடு பல வருடம் இருந்தால் கை தானாகப் பழகிவிடும் என்பது இதன் நம்பிக்கை.

ஆனால் எது பழகும் என்பது அதிர்ஷ்டம். நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனையில் படிப்பவர் தொடை எலும்பு முறிவுக்கு ராடு வைப்பதில் கில்லாடி ஆகிவிடலாம். ஆர்த்ரோஸ்கோப்பி கருவியைத் தொடும் வாய்ப்பு அவருக்கு அபூர்வமாகவே கிடைத்திருக்கும். இன்னொரு ஊரில் படிப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டம்.

திறன் அடிப்படையிலான பயிற்சின்னா என்ன?

"எத்தனை வருஷம் படிச்சீங்க?" என்பதற்குப் பதில் "எதைத் தனியா செய்ய முடியும்?" என்று கேட்பது. நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவக் கல்வி அறிஞர் ஓலே டென் கேட் 2005-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு நிபுணரை நம்பி ஒப்படைக்க வேண்டிய வேலைகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் பயிற்சி மருத்துவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டும் அனுமதி, சீனியர் பக்கத்தில் நிற்கும்போது செய்யலாம், சீனியர் கூப்பிடும் தூரத்தில் இருந்தால் போதும், தனியாகச் செய்யலாம், பிறருக்குச் சொல்லித்தரலாம் என மொத்தம் 5 படிகள்.

எலும்பு மருத்துவத்தில் இதை முதலில் செய்து பார்த்தது கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகம். 2009-ல் சில மாணவர்களோடு சோதனையாகத் தொடங்கி, பின்னர் எல்லோருக்கும் விரிவாக்கியது. தொடக்கத்திலேயே அடிப்படைக் கைத்திறன் பயிற்சி, பிறகு ஒவ்வொரு பிரிவாகத் தேர்ச்சி. 5 வருடப் பயிற்சியைச் சிலர் 4 வருடத்திலேயே முடித்தார்கள். ஆனால் ஆசிரியர்களின் நேரமும் பணமும் நிறைய செலவாயின.

கத்தி பிடித்தால் மட்டும் போதாது

விளையாட்டு மருத்துவத்தில் பட்டியல் இன்னும் நீளும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால், அந்த வீரரை அன்றைக்கு மறுபடி ஆடவிடக் கூடாது. கோச் முறைத்தாலும் "முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். 2022 ஜனவரி முதல், போட்டிக் காலத்தில் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு தடை விதித்திருக்கிறது. இது தெரியாத டாக்டர் நல்ல எண்ணத்தில் போடும் ஒரு ஊசி, வீரரின் பதக்கத்தையே பறித்துவிடலாம்.

இந்தியாவில் நிலைமை?

2019-ல் எம்பிபிஎஸ் படிப்புக்குத் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. முதுநிலை எலும்பு மருத்துவத்துக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் அத்தகைய பாடத்திட்டம் இருக்கிறது. லாக் புக் கட்டாயம். மாவட்ட மருத்துவமனையில் 3 மாதப் பணியும் உண்டு. ஆக, பேப்பரில் குறை சொல்ல அதிகம் இல்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். லாக் புக்கில் ஒரே மாலையில் முப்பது பக்கங்களுக்குக் கையெழுத்து விழுந்தால், அது வருகைப் பதிவேடு மாதிரிதான். 3 வருடம் முடிந்ததும் தேர்வு; பாஸ் ஆனால் நிபுணர். எந்த வேலையில் எந்தப் படி என்பதைப் பட்டம் சொல்வதில்லை.

என்ன செய்யலாம்?

3 வருடத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு, முக்கியமான வேலைகளில் தனியாகச் செய்யும் படியை எட்டுவதைக் கட்டாயமாக்கலாம். ஒரே ஆசிரியர் அல்லாமல் பலர், பல முறை நேரில் பார்த்து, அன்றைக்கே கருத்து சொல்ல வேண்டும். ஓபி கூட்டத்துக்கு நடுவே இதைச் செய்ய முடியாது. அதனால் கற்றுக்கொடுக்கும் நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். எட்டாதவருக்குக் கூடுதல் அவகாசம் தருவதைத் தோல்வியாகவும் பார்க்கக் கூடாது.

இதற்கெல்லாம் செலவாகும், உண்மைதான். ஆனால் அரைகுறைப் பயிற்சிக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது ஆபரேஷன் டேபிளில் படுத்திருப்பவர்.