வாகை சூடியோருக்கு வாயிற்கதவடைப்பு!

வென்றவனுக்கு மாலை, தோற்றவனுக்கு ஆறுதல் — இது ஆடுகளம் வகுத்த நீதி. வென்றவளுக்கு? வெளியேறு என்ற கட்டளை!

இப்படியும் ஒரு நீதி உண்டா என்று ஐயுறுவோர், நெதர்லாந்து நாட்டின் வடபுறத்திலுள்ள அல்க்மார் நகரத்துக் கதையைக் கேட்க வேண்டும். பாலாடைக்கட்டிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 1573ஆம் ஆண்டில், ஸ்பெயின் மன்னனின் படை முற்றுகையிட்டபோது மண்டியிட மறுத்து, மாற்றாரை விரட்டிய ஊர். வெற்றி அல்க்மாரிலேதான் துவங்கியது என்று டச்சு மக்கள் இன்றும் பெருமை பேசுவர். அந்தப் பெருமைமிகு ஊரிலேதான், வெற்றிபெற்ற பெண்களின் அணி கலைக்கப்பட்டது!

ஏ.இசட். என்பது அந்நகரின் கால்பந்தாட்டக் கழகம். 1967இல் இரு கழகங்கள் இணைந்து உருவானது. 2007இல் நெதர்லாந்தில் பெண்களுக்கென முதன்மைப் போட்டித்தொடர் ஒன்று துவக்கப்பட்டது. ஆறு கழகங்கள் பங்கேற்றன. அவற்றுள் ஒன்று ஏ.இசட். முதல் ஆண்டு வாகை யாருக்கு? ஏ.இசட். மங்கையருக்கு. இரண்டாம் ஆண்டு? அவர்களுக்கே. மூன்றாம் ஆண்டு? ஐயமென்ன, அவர்களுக்கேதான்! 2008, 2009, 2010 — மூன்றாண்டுகள், மூன்று வாகைகள். நாட்டின் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய டாஃப்னே கோஸ்டர் அந்தக் கழகத்தின் ஆட்டக்காரியே.

2009இல் அக்கழகத்தின் ஆடவர் அணியும் நாட்டின் வாகையைச் சூடிற்று. ஒரே ஆண்டில், ஒரே கழகத்தில், ஆணும் வென்றான், பெண்ணும் வென்றாள். இருவரும் நிகரென்று காட்ட இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால், இடி இறங்கிற்று. 2009 அக்டோபரில், கழகத்தைத் தாங்கி நின்ற வங்கி நொடித்தது. கழகத் தலைவரே அந்த வங்கியின் அதிபர். ஆகவே வங்கி சாய்ந்தபோது கழகமும் ஆட்டங்கண்டது. சிக்கனம் என்ற கத்தியை எடுத்தனர். எங்கே வெட்டுவது என்று நோக்கினர். ஆடவர் அணியின் பக்கம் சென்று, அங்கே சிறிது வெட்டிற்று அந்தக் கத்தி. பெண்கள் அணியின் பக்கம் வந்ததும், வேரையே வெட்டிற்று! 2011இல், பெண்கள் அணியை இனி நடத்துவதற்கில்லை, பணமில்லை என்று அறிவித்தது கழகம். அந்த ஆண்டிலேயே, கலைக்கப்படப் போகிறோம் என்று அறிந்த நிலையிலே, அப்பெண்கள் நாட்டின் கோப்பையையும் வென்று, கழகத்தின் கையிலே கொடுத்துவிட்டு வெளியேறினர். கொடுத்தது கோப்பை, பெற்றது கதவடைப்பு!

"இதிலே வஞ்சகம் ஏது? இது வணிகக் கணக்கு. பெண்கள் ஆட்டத்தைக் காணக் கூட்டம் வருவதில்லை. கூட்டமில்லையேல் வருவாயில்லை, வருவாயில்லையேல் ஆட்டமில்லை" என்பர் கணக்கர்கள். நல்லது. கணக்கையே பார்ப்போம். ஆனால் கணக்கேட்டை 2011ஆம் ஆண்டின் பக்கத்திலே திறக்காதீர், ஐயா! முதற்பக்கத்திலிருந்து திறவுங்கள்.

1896ஆம் ஆண்டு: ராட்டர்டாமின் ஸ்பார்ட்டா கழகத்திலே, இங்கிலாந்துப் பெண்கள் அணியை எதிர்த்து ஆடப் பெண்கள் முன்வந்தனர். கூடாது என்று தடுத்தது நாட்டின் கால்பந்தாட்டச் சங்கம். 1954ஆம் ஆண்டு: ஆடவர் ஊதியம் பெற்று ஆடலாம் என்று அதே சங்கம் வழிவிட்டது. அடுத்த ஆண்டே, 1955இல், பெண்கள் தமக்கெனச் சங்கம் கண்டு ஆட எழுந்தபோது, எம் கழகங்களின் திடல்களிலே அவர்களுக்கு இடமில்லை என்றது! ஆணுக்குக் கூலி, பெண்ணுக்குப் பூட்டு. 1971இல்தான் பூட்டுத் திறந்தது. 1896 முதல் 1971 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள்! எழுபத்தைந்து ஆண்டுகள் திடலையும், பயிற்சியையும், பார்வையாளரையும் ஒருவனுக்கே ஈந்துவிட்டு, பின்னர் இருவரையும் அருகருகே நிறுத்தி, "பார், அவனுக்குக் கூட்டம், உனக்கு இல்லை" என்பது கணக்கா? காலைக் கட்டிவைத்திருந்து, அவிழ்த்த மறுகணமே, ஏன் ஓடவில்லை என்று ஏசும் கயமையல்லவா அது!

கூட்டம் வராது என்பதும் உண்மையன்று. இங்கிலாந்திலே, 1920 டிசம்பர் 26ஆம் நாள், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலிலே பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். கூட்டம் வந்தது, கண்டவர் என்ன செய்தனர்? மறு ஆண்டு டிசம்பரிலேயே, கால்பந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று தீர்மானமியற்றி, கழகத் திடல்களை அவர்களுக்கு அடைத்தது அந்நாட்டுச் சங்கம். கூட்டம் வந்தால் ஒழுக்கம் என்று தடுப்பர். வராவிடின் நட்டம் என்று தடுப்பர். சாக்குகள் மாறும், சங்கிலி மாறாது!

ஏ.இசட். ஒன்றுதானா? 2011இல் வில்லெம் இரண்டு என்ற கழகமும் தன் பெண்கள் அணியைக் கைவிட்டது. 2014இல் உட்ரெக்ட் கழகம் கைவிட்டது. 2007இல் ஒளியோடு துவங்கிய ஆறு விளக்குகளுள் மூன்று, ஏழே ஆண்டுகளில் ஊதி அணைக்கப்பட்டன.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2017 ஆகஸ்ட் 6ஆம் நாள், என்ஸ்கெடே நகரில், நெதர்லாந்துப் பெண்கள் டென்மார்க்கை நாலுக்கு இரண்டு என்று வீழ்த்தி ஐரோப்பாவின் வாகையைச் சூடினர். நாடே ஆரஞ்சு நிறம் பூண்டது. வெற்றி மகளிரைப் படகிலேற்றி, கால்வாய் வழியே ஊர்வலம் விட்டனர். எந்த நகரத்துக் கால்வாய்? உட்ரெக்ட் நகரத்துக் கால்வாய்! மூன்றாண்டுகளுக்கு முன் கழகத்தின் கதவு பெண்களுக்கு அடைபட்ட அதே நகரம், கரையோரம் நின்று கையொலி எழுப்பிற்று. 2019இல் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றனர் அப்பெண்கள். அதன் பின்னர், ஏ.இசட். கழகமும் பெண்கள் அணியை மீண்டும் ஏற்றது, உட்ரெக்டும் ஏற்றது.

"திருந்திவிட்டனரே, பின் ஏன் திட்டுகிறாய்?" என்று கேட்கலாம். திருந்தியது நன்று, வரவேற்போம். ஆனால் இடையிலே தொலைந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? ஆட்டக்காரியின் இளமை கடன் பத்திரமன்று, பத்தாண்டு கழித்து வட்டியோடு வசூலிப்பதற்கு! 2011இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, அந்த அணியிலே ஒருநாள் ஆடுவோம் என்று கனவு கண்டவள், கதவு மீண்டும் திறந்தபோது இருபதைக் கடந்துவிட்டாள். இருபதில் இருந்தவளோ, முப்பதைத் தாண்டிவிட்டாள்.

ஏன் இந்நிலை? அவர்கள் பெற்றிருந்தது உரிமையன்று, சலுகை. சலுகை, தருபவன் மடியிலே பணம் உள்ளவரை நிலைக்கும். உரிமை, பணம் குறைந்த நாளிலும் நிலைக்கும். செழிப்புக் காலத்திலே சமத்துவம் பேசுவது எளிது. பஞ்சம் வந்தபோது யாருடைய இலையை முதலில் எடுக்கிறார்கள் என்பதிலேதான் சமத்துவத்தின் சாயம் தெரியும்.

ஆகவே, கால்பந்தாட்டச் சங்கங்களைக் கேட்கிறோம்: கழகத்தின் பெயரையும் கொடியையும் தாங்கி ஆட ஒரு பெண்கள் அணியை ஏற்றபின், முடை வந்தால் இரு அணிகளும் பகிர்ந்து சுமக்கட்டும். ஓர் அணியை உயிரோடு புதைத்து மற்றோர் அணியை ஊட்டி வளர்ப்பது கூடாதென விதி எழுதுங்கள். விதியிலே எழுதப்படாத அன்பு, வங்கி நொடித்த மறுநாள் நொடித்துப்போகும்.

படகு ஊர்வலம் வேண்டாம், பாராட்டு மடல் வேண்டாம். திடலின் சாவியிலே ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கோப்பையைக் கொண்டுவரும் வழி அவர்களுக்குத் தெரியும். கலைக்கப்படப் போகும் நாளிலேகூடக் கொண்டுவந்தவர்களல்லவா அவர்கள்!