போலீஸ் ரோந்து: முன்பா, பின்பா?

100க்கு போன் வந்த பிறகு ஓடி வருவது ஒரு வகை போலீஸ் வேலை. போன் வருவதற்கு முன்பே தெருவில் நிற்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

1972-73ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 15 ரோந்துப் பகுதிகள். சிலவற்றில் வழக்கமான ரோந்து, சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு, மீதியில் கூப்பிட்டால் மட்டும் வருவது. குற்றங்களில் பெரிய வித்தியாசம் இல்லை! பொதுமக்கள் பயமும் குறையவில்லை. சும்மா சுற்றினால் டீசல்தான் செலவு. ஆனால் 1988-89ல் மினியாபோலிஸ் நகரில், அடிக்கடி புகார் வரும் சில இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டியபோது பலன் தெரிந்தது.

இதை நம்மூருக்குப் பொருத்திப் பாருங்கள். பெரம்பலூர் வழியாகத் திருச்சி-சென்னை நெடுஞ்சாலை. 2007ல் மறுபடியும் தனி மாவட்டமான அரியலூரில் சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் லாரிகள். விபத்து நடந்தபின் வரும் போலீஸ் பார்வை மகஜர்தான் எழுத முடியும். போன உயிர் போனதுதான். அதனால் லாரிகள் வேகமெடுக்கும் வளைவில், அந்த நேரத்தில் நிற்பதுதான் உண்மையான ரோந்து.

பட்டா புத்தகத்தில் தினமும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போடுவது, தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டர் மாதிரி. திருடனுக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும்.

அதற்காக அவசர அழைப்பைக் கைவிட முடியாது. ராத்திரி ஒரு பெண் போன் செய்தால் வண்டி வந்தே ஆகவேண்டும். அதற்கென்று ஒரு வண்டியை ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ளவர்களை எங்கே நிறுத்துவது என்பதை ஸ்டேஷனில் இருக்கும் பழைய எஃப்.ஐ.ஆர்களே சொல்லும்.