சுடாத மிளகாயும் குளிராத பேஸ்டும்



பச்சை மிளகாயைக் கடித்துவிட்டால் "அப்பா, நாக்கு சுடறதே!" என்று தவிக்கிறோம். மிளகாய் கிள்ளிய கை தவறிக் கண்ணில் பட்டுவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த மிளகாயைத் தொட்டுப் பாருங்கள். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்ததானால் ஜில்லென்றுதான் இருக்கும். பிறகு அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

நம் நாக்கிலும் தோலிலும் வந்து முடியும் நரம்புகளின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கதவுகள் இருக்கின்றன. அவை புரதத்தால் ஆனவை. எப்போதும் மூடியே கிடக்கும். தனக்கு உரியது வந்து தட்டினால்தான் திறக்கும். திறந்ததும், வெளியே காத்திருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். அயனி என்றால் மின்சாரம் ஏறிய அணு. அதனால் நரம்பில் ஒரு சிறு மின்துடிப்பு பிறந்து மூளைக்கு ஓடும். இந்தக் கதவுகளுக்குத்தான் விஞ்ஞானிகள் 'அயனிக் கால்வாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வாசலில் இருக்கும் காலிங் பெல் மாதிரிதான் இதுவும். மணி அடித்தது மூளைக்குத் தெரியும். அழுத்தியது யார் என்று தெரியாது.

சூட்டுக்கென்று இருக்கும் ஒரு கதவு, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். நம் உடம்பின் சாதாரணச் சூடு 37 டிகிரி என்பதை நினைத்துக் கொண்டால், இது 'ஜாக்கிரதை, கொப்பளிக்கப் போகிறது' என்று சொல்லும் மணி என்பது புரியும். மிளகாயில் உள்ள காப்சைசின் என்ற பொருளும் இதே கதவைத் திறந்து விடுகிறது. மிளகும் கொஞ்சம் அப்படித்தான். மூளை பாவம், நெருப்பு என்றே நம்பி வியர்வையையும் கண்ணீரையும் வரவழைக்கிறது!

பறவைகளின் உடம்பிலும் இந்தக் கதவு உண்டு. ஆனால் அது காப்சைசினுக்கு மசிவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ஆனந்தமாகக் கொத்தித் தின்பதன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு 1997-ல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தது. அழுத்தத்தை உணரும் கதவுகளை ஆர்டெம் படபூட்டியன் என்பவரின் குழு 2010-ல் கண்டது. குழந்தை நம் அணைப்பை உணர்வதும் அப்படிப்பட்ட கதவால்தான். இருவருக்கும் சேர்த்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சூட்டுக்குக் கதவு இருப்பதுபோல் குளிருக்கும் ஒன்று உண்டு. சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால் அது திறக்கும். பெப்பர்மிண்ட் மிட்டாயிலும், தலைவலித் தைலத்திலும், பல பற்பசைகளிலும் உள்ள மெந்தால், இந்தக் குளிர்க் கதவைத் திறந்து விடுகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இங்கேதான். எண்ணெய் தெறித்தாலோ, குக்கர் ஆவி பட்டாலோ நம்மில் எத்தனை பேர் ஓடிப்போய் பேஸ்டை எடுத்துத் தடவுகிறோம்! "தடவினதும் குளுகுளுன்னு இருக்கே மாமி, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். குளுகுளுவென்று தோன்றுகிறதே தவிர, தோல் குளிரவில்லை. குளிர் மணி மட்டும்தான் அடிக்கிறது. உள்ளே இறங்கிய சூடு அங்கேயே இருந்து சதையை மேலும் வேக வைக்கிறது. போதாக்குறைக்குப் பேஸ்ட் புண்ணை உறுத்தும், கிருமியும் சேரும். டாக்டருக்கும் புண்ணைப் பார்க்க முடியாது. இட்லி மாவும் மையும்கூட இப்படித்தான்.

குழாய்த் தண்ணீர்தான் சரியான மருந்து. 20 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து, ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தைக்குப் பட்டாலும், யாருக்காவது முகத்திலோ கையிலோ பலமாகப் பட்டாலும், தண்ணீர் காட்டிய கையோடு டாக்டரிடம் போய்விடுங்கள்.

சளி பிடித்த குழந்தைக்குத் தைலம் தடவுவதிலும் இதே ஏமாற்றம்தான். மூக்கு திறந்தாற்போல் தோன்றுவது மெந்தாலின் வேலை. உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மெந்தாலோ கற்பூரமோ கலந்த தைலம் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிஜமாகவே சுட்டும், மணி அடிக்காமல் போவது. சர்க்கரை வியாதி பல வருஷம் இருந்தால் பாதத்தின் நரம்புகள் கெட்டுப் போகலாம். அப்போது கொதிக்கும் தண்ணீரில் கால் வைத்தாலும் "வெதுவெதுன்னு இதமா இருக்கு" என்பார்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு பாதத்தில் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் புண் ஆறாமல், காலையே இழக்க நேரிடுவதும் உண்டு. ஆகவே அவர்களுக்கு வெந்நீர் விளாவும்போது, அவர்கள் காலை நம்பாதீர்கள். உங்கள் கையை நம்புங்கள்.

நினைவில் வைக்க:

• மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் உதவாது. காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய்க்குப் பால் அல்லது தயிர். கண்ணில் பட்டால் மட்டும் நிறையச் சுத்தமான தண்ணீர், எண்ணெய் கூடாது.

• காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். குழந்தைக்குச் சமைக்கும்போது அதைக் கீறி எடுத்து விடுங்கள்.

• குழந்தையைக் குளிப்பாட்ட முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பாருங்கள். குழந்தையின் தோல் மெல்லியது; நமக்குத் தாங்கும் சூடு அதற்குத் தாங்காது.

• வெயிலில் கன்றிய தோலில் சூட்டுக் கதவு சீக்கிரமே திறந்துவிடும். அதனால்தான் வெதுவெதுப்பான தண்ணீரும் எரிகிறது. ஆறும்வரை பச்சைத் தண்ணீரே நல்லது.

• வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் வெந்நீர்ப் பை ஒத்தடத்தைக் காலுக்குக் கொடுக்காதீர்கள். இரவு படுக்குமுன் விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்று அவர் சொன்னாலும் பார்த்துவிடுங்கள்.