பச்சிலைக்குப் பட்டா யார் பேரில்?

பொதிகை மலை யாருடையது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அகத்தியர் என்று சொல்லும். தமிழ் தந்தவர் அவர், மருந்து தந்தவர் அவர், தாமிரபரணி தந்தவரும் அவரே. எல்லாவற்றையும் ஒரு முனிவரே தந்துவிட்டால், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே கிடக்கிற காணிக்காரர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? காணிகளும் அகத்தியரைக் கும்பிடுகிறார்கள். அது அவங்க பாடு. புத்தகத்தில் அவர்கள் பெயர் ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடிக் காட்டில் கல்லாறு. அங்கே லட்சுமிக்குட்டி என்று ஒரு காணிப் பெண். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த 1950-களில், காட்டு வழி நடந்து எட்டாவது வரை படித்தவர். மருத்துவச்சியான அம்மாவிடம் பச்சிலை கற்றார். ஐந்நூறு மருந்து, ஏட்டில் அல்ல, நினைவில். பாம்புக்கடி, பூச்சிக்கடி என்று ஆட்கள் காடு தாண்டி அவரிடம் வந்தார்கள். ஓலைக் குடிசையைச் சுற்றி மூலிகைத் தோட்டம். அதுதான் வகுப்பறை. கேரள நாட்டுப்புறவியல் அகாதமியிலும் பாடம் நடத்தியவர். கவிதையும் எழுதுகிறவர், அதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம். பச்சிலையைப் பறித்துக் கொடுத்தால் அது வைத்தியம். செடியை, அதன் பெயரை, அது முளைக்கிற காட்டைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் அது கல்வி. டவுனிலிருந்து வருகிற பட்டதாரி அந்தத் தோட்டத்தில் மாணவன். துரோணர் இல்லாத வகுப்பு. யாரும் கட்டைவிரல் கேட்பதில்லை.

1995-இல் கேரள அரசு 'நாட்டு வைத்திய ரத்னா' கொடுத்தது. 2018-இல் பத்மஸ்ரீ. குடிசைக்கு ரோடு? 1952-இலேயே அனுமதியானதாம். பத்மஸ்ரீ வந்து சேர்ந்தபோதும் ரோடு வந்து சேரவில்லை. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் மகனைப் பறிகொடுத்த தாய் அவர்.

கட்டைவிரல் கேட்டவர்களும் உண்டு. 1987-இல் அகத்தியமலைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் போனார்கள். வழிகாட்டப் போன காணிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இவர்களுக்கோ மூச்சு வாங்கியது. நச்சரித்துக் கேட்டு வாங்கிய ரகசியம்தான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு. 1997-இல் டிரஸ்ட் பதிவாகி, 1999-இல் 5 லட்சத்துச் சொச்சம் கைக்கு வந்தது. உலகமே மெச்சியது. பங்கு கொடுத்தவரை நானும் மெச்சுகிறேன். ஆனால் அதே செடியைக் காணிக் குடும்பங்கள் பயிரிட்டு விற்கத் தொடங்கியபோது வனத்துறை மறித்தது. அறிவைக் கொடுக்கலாம், செடி வைக்கக் கூடாது! இது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழுது? பாபநாசத்துக்கு மேலே மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் இருப்பவர்கள் அதே காணிகள்தான். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு மாவட்டமும் தாலுகாவும் எழுதி வைத்திருக்கிறான். தாலுகா மாறினால் மனுசன் மாறிருவானா? அதே மலையில், 1929-இல் குத்தகை எழுதிய மாஞ்சோலை எஸ்டேட்டில், நாலு தலைமுறையாகத் தேயிலை வளர்த்த நம் சனத்துக்கும் ஒரு சென்ட் கிடையாது. கூலி கேட்டு வந்து 1999 ஜூலை 23 அன்று ஆற்றில் பிணமானார்கள் 17 பேர். 2024-இல் மிச்சமிருந்தவர்களையும் கீழே இறங்கு என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் விளை என்றால் தோட்டம். பேங்க் கவுன்டரில் விவசாயக் கடன் கேட்டு வருகிற சேரிக்காரரிடம் நான் தினமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பட்டா இருக்கா?" இல்லை என்பதை அவர் வாயால் சொல்வதில்லை, கையைப் பிசைவார்.

2006 வன உரிமைச் சட்டம் காட்டு நிலத்தின்மேல் மட்டுமல்ல, பாரம்பரிய அறிவின்மேலும் சமூகத்துக்கு உரிமை தருகிறது. மனு தொடங்குகிற இடம் கிராமசபை. மாணவத் தோழர்கள் அருவியில் குளிக்க பாபநாசம் போகிறீர்கள். அடுத்த தடவை குடியிருப்புவரை ஏறிப் போங்கள். பச்சிலை பெயர் கேட்டு நோட்டில் எழுதாமல், மனுப் படிவத்தோடு போய் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள்.