மகாலும் கோர்ட்டும்

பழைய மாளிகைகளிலிருந்து அரசு அலுவலகங்களை வெளியேற்றிவிட்டால் மரபு பிழைத்துவிடும் என்கிறார்கள் நம் மரபு ஆர்வலர்கள். இதை ஏற்பதற்கில்லை.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பெயர்த்தவர்கள் குமாஸ்தாக்கள் அல்லர். திருச்சியில் தமக்கொரு மாளிகை எழுப்ப விரும்பிய பேரன் சொக்கநாதர்தாம். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை பழுதுபார்க்கச் செய்தவர் ஆளுநர் நேப்பியர். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கே இயங்கியது.

பிளவக்கல்லிலிருந்து முதுகலை படிக்கச் சென்ற நான் மகால் வடம்போக்கித் தெருவில் குடியிருந்தேன். வீட்டுக்காரப் பாட்டி அதை ஒருநாளும் மகால் என்றதில்லை, ‘கோர்ட்டு’ என்பார். தூண்களின் அழகைப் பற்றி அவருக்குக் கருத்தே கிடையாது. ஆனால் அது தம் ஊர்க் கட்டடம் என்பதில் ஐயமும் கிடையாது.

சென்னை சேப்பாக்கத்தில் அலுவலகங்கள் இருந்த கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்ததே என்பர். உண்மை. அதைச் சீரமைத்தார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே அமர்ந்தது. அருகிலேயே, ஆளற்றுப்போன ஹுமாயூன் மகாலோ கூரை சரிந்து ஆண்டுக்கணக்கில் கிடந்த பிறகே சீரமைப்பைக் கண்டது.

பராமரிப்பைக் கேளுங்கள், வெளியேற்றத்தைக் கேட்காதீர்கள். நுழைவுச்சீட்டு பார்வையாளரைத் தரும். வழக்குக்காரரோ உரிமையோடு படியேறியவர்.