மலிவான கையொப்பம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், உயர்தர வகுப்பில் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் பெரியதொரு கண்ணாடிச் சட்டகத்தைப் பழைய படுக்கை விரிப்பினாற் சுற்றித் துவிச்சக்கர வண்டியிற் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் ஊர் படுவான்கரையில் உள்ளது. முன்பானால் மண்முனைத் துறையிற் ‘பாதை’க்குக் காத்து நின்று வாவியைக் கடந்திருக்க வேண்டும், 2014 முதல் அங்கே பாலம் இருப்பதனால், சட்டகம் நனையாமல் வந்து சேர்ந்தது.

விரிப்பை அவிழ்த்தான். உள்ளே மன்செஸ்டர் யுனைற்றட் கழகத்தின் செந்நிறச் சட்டை ஒன்று. அதன் மார்பிற் கறுத்த மையினால் பொபி சார்ல்டன் என்னும் கையொப்பம். கீழே பொன்னிற முத்திரையுடன் ஒரு சான்றிதழ். கட்டாரில் வாகனச் சாரதியாகத் தொழில் செய்யும் அவன் தந்தையார், விடுமுறைக்கு ஊர் வந்தபோது மகனுக்கென வாங்கி வந்தது அது.

“சேர், இது மெய்யான கையெழுத்துத்தானா?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை அவன் வேறு ஆசிரியரிடம் கொண்டு போகாமல் என்னிடம் கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு இந்த விடயத்தில் ஒரு பைத்தியம் இருப்பதை என் மாணவர் அனைவரும் அறிவர். இரவு முழுவதும் சட்டகம் என்னிடம் இருக்கட்டும், காலையில் வந்து பார் என்று சொல்லி அவனை அனுப்பினேன்.

எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது 1996இல். அவ்வாண்டு பங்குனியில் இலங்கை அணி லாகூரிலே உலகக் கிண்ணத்தை வென்றது. ஊரெல்லாம் அரவிந்த டி சில்வாவின் பெயரையே ஓதிக்கொண்டிருந்தது. நானோ உதைபந்தாட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுபவன். மன்செஸ்டரில் வாழ்ந்த தாய்மாமனார் ஒருவர் எனக்கு இருந்தார். இங்கிலாந்தில் எங்கிருந்தாலும் எமக்கு லண்டன்தானே. ஆகவே அவரும் ‘லண்டன் மாமா’ எனவே அழைக்கப்பட்டார். அவர் ஒரு நாள் ஓல்ட் ட்ரபோர்ட் மைதான வாயிலில் மழையிற் காத்து நின்று, என் பெயரெழுதிய துண்டுக் கடதாசியை நீட்டி, சார்ல்டனின் புகைப்படம் ஒன்றில் என் பெயரும் அவர் கையொப்பமும் பெற்று அனுப்பினார். யுத்த காலத் தபால் எத்தனை சாவடிகளைத் தாண்டியதோ, இரண்டரை மாதங் கழித்து வந்து சேர்ந்தது.

என் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. அதனாலென்ன? உலகக் கிண்ணம் வென்ற கை என் பெயரை எழுதியிருக்கிறதே என்று இரவெல்லாம் உறங்காமற் கிடந்தேன். அம்மம்மா மட்டும் படத்தை வாங்கிக் கண்ணருகிற் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதாரு மனே, நாலு மயிரை இழுத்து மறுபக்கம் போட்டிருக்கிற மனிசன்?” என்று கேட்டார். சார்ல்டனின் தலையைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய எதுவும் அவ்வளவு சுருக்கமாக அமையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது எங்கள் கல்லடி வீடு. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் அவ்வீட்டினுட் புகுந்தது. நாங்கள் உயிர் தப்பினோம். அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அந்தப் பாக்கியங் கிட்டவில்லை. அந்நாளில் ஒரு புகைப்படத்தை நினைத்து வருந்துவது வெட்கத்துக்குரியதாக இருந்தது. ஆகவே நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாறு வருடங்கள் கழிந்து, வீடு மீண்டும் எழுந்து, மேசையொன்றும் கதிரையொன்றும் அமைந்த பின்னரே, அந்தச் சுவரில் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் தலைகாட்டிற்று.

இன்னொன்றை விலைக்கு வாங்கலாமே என்று தேடத் தொடங்கினேன். அப்போதுதான் இச்சந்தையின் விசித்திரத்தை உணர்ந்தேன். இங்கிலாந்துக்காக 106 போட்டிகளில் ஆடி 49 கோல்களைப் போட்டவர். தம் கழகத்துக்காக 758 போட்டிகளில் 249 கோல்கள். 1966இல் உலகக் கிண்ணம், 1968இல் ஐரோப்பியக் கிண்ணம், 1994இல் ‘சேர்’ பட்டம். இத்தகையவரின் கையொப்பம் ஒப்பீட்டளவில் மலிவாகவே கிடைத்தது. அவருடன் ஒரே அணியில் ஆடிய டங்கன் எட்வேர்ட்ஸ் என்பாரின் கையொப்பமோ நம்மைப் போன்றோர் கனவிலும் நெருங்க முடியாத விலை.

காரணம் 1958 மாசி 6ஆம் திகதியில் இருக்கிறது. பெல்கிரேட் நகரில் ஆடிவிட்டுத் திரும்பிய மன்செஸ்டர் அணியின் விமானம், எண்ணெய் நிரப்புவதற்கு மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதையில் பனிச்சேறு படிந்திருந்தது. இரு முறை கிளம்ப முயன்று கைவிட்ட விமானம், மூன்றாம் முறை ஓடி, மேலெழாமல் வேலியை உடைத்துச் சிதறிற்று. அதிலிருந்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். டங்கன் எட்வேர்ட்ஸ் பதினைந்து நாள் வைத்தியசாலையிற் போராடி இறந்தபோது வயது 21. இருபது வயதுச் சார்ல்டன், ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியப்பட்டும் பிழைத்துக்கொண்டார்.

இறந்தோரின் கைகள் அன்றோடு நின்றன. அவர்கள் இட்டுச் சென்ற ஒப்பங்கள் எத்தனையோ அத்தனைதான். பிழைத்தவரோ அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1973இல் மன்செஸ்டரிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், நீட்டப்பட்ட கடதாசிகளில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆகவேதான் அவர் ஒப்பம் மலிவு. கேட்டவருக்கெல்லாம் கொடுத்த மனிதரின் கையெழுத்தைச் சந்தை தாழ்வாக மதிக்கிறது; கொடுக்க மறுத்தவருடையதையும் கொடுக்க முடியாமற் போனவருடையதையும் உயர்த்தி மதிக்கிறது. பொருளியல் கற்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்றார். அவருக்கு இல்லாமலிருக்கலாம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வெறும் ஒப்பத்தைவிட, இன்னாருக்கு என்று பெயர் குறித்து இட்ட ஒப்பத்துக்கு விலை குறைவு. வேறொருவன் பெயர் எழுதிய படத்தை யார் வாங்குவார்? என் படம் இன்று கையில் இருந்தால், அதிலும் பெயரில் எழுத்துப் பிழையோடு இருந்தால், வியாபாரி அதைத் தூக்கி மூலையில் வைத்திருப்பான்.

இவ்வணியைச் சேர்ந்த பலரும் செல்வந்தர் அல்லர் என்பதை இக்கால இளைஞர் அறிதல் நன்று. இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு இருந்தது. அது 20 பவுண். உலகக் கிண்ணம் வென்றதற்குத் தலைக்கு 1,000 பவுண் கிடைத்தது. சார்ல்டனின் தோழர் நொபி ஸ்ரைல்ஸ் தம் பதக்கங்களை 2010இல் ஏலத்தில் விற்றார். உலகக் கிண்ணப் பதக்கத்தை அவருடைய பழைய கழகமே வாங்கிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பதக்கத்தை எப்படிப் பங்கிடுவது என்பது அவரது கவலை. ஒப்பத்துக்கு விலை கேட்பது இழிவென எண்ணுவோருக்கு ஒன்று சொல்வேன்: காந்தியடிகளே தம் கையொப்பத்துக்கு ஐந்து ரூபா வாங்கி அரிசன நிதியிற் சேர்த்தார்; தமிழிலும் ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

சார்ல்டனைப் பற்றி நம்மூரார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொஸ்னியாவிலும் கம்போடியாவிலும் மிதிவெடி புதைந்த நிலங்களையும், அவற்றாற் காலிழந்த சிறுவரையும் நேரிற் கண்ட அவர், மிதிவெடிகளைக் கண்டறியச் சிறந்த வழிகளை ஆராய்வதற்கென 2011இல் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். மிதிவெடி என்ற சொல்லை மட்டக்களப்பாருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் மாவட்டம் அவ்வாபத்து நீங்கியதென அறிவிக்கப்பட்டது 2017இலேதான். வாழ்நாளெல்லாம் கால்களால் பிழைத்த ஒருவர், முதுமையிற் பிறருடைய கால்களைப் பற்றிக் கவலைப்பட்டார். 2023 ஐப்பசி 21ஆம் திகதி, 86ஆம் வயதில், அவர் காலமானார்.

இனிச் சட்டகத்துக்கு வருவோம். அன்றிரவு உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணியின் மேல் பேனா ஓடினால், மை நூலிழைகளுக்குள் இறங்கிச் சற்றே பரவும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுமிடத்திற் கறுமை மிகும். தொடக்கத்தில் அழுத்தமும் முடிவில் மெலிவும் தெரியும். இங்கோ, மை எங்கும் ஒரே சீராகத் துணியின் மேற்பரப்பில் ஏடுபோற் படிந்திருந்தது. என் ஐயம் வலுத்தது. கைத்தொலைபேசியில் அதே விற்பனையாளரின் விளம்பரத்தைத் தேடினேன். அங்கே இன்னொரு சட்டை. அதிலும் சார்ல்டன் ஒப்பம். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். வளைவு, இடைவெளி, கடைசி எழுத்தின் வால் யாவும் ஒன்றே. எந்த மனிதனும் தன் பெயரை இருமுறை அச்சொட்டாக ஒரே விதமாக எழுதுவதில்லை. அச்சு இயந்திரந்தான் எழுதும். சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சட்டையைப் போலியாகச் செய்பவனுக்குச் சான்றிதழ் அச்சிடுவதா பெரிது? அமெரிக்காவில் 1990களில் மத்திய புலனாய்வுப் பிரிவினர் போலி ஒப்பக்காரரைப் பிடித்தபோது, சான்றிதழ்களும் கூடவே பிடிபட்டன.

கண்டறிந்தது எளிது. எப்படிச் சொல்வது என்பதே இரவு முழுவதும் என்னை வருத்திற்று. அதன் விலையைச் சம்பாதிக்க அந்தத் தந்தை எத்தனை நாட்கள் பாலைவன வெயிலில் வண்டியோட்டியிருப்பார்! மெய்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு கணம் எண்ணியதுண்டு. ஆனால் கேட்டவன் மாணவன், நான் ஆசிரியன்.

காலையில் வந்தான். கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரு படங்களையும் காட்டினேன். நான் ஒன்றுஞ் சொல்லாமலே விளங்கிக்கொண்டான். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சட்டகத்தை மெல்லத் தூக்கி, அதே விரிப்பினால் முன்னிலும் கவனமாகச் சுற்றலானான்.

“இதை என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டேன்.

“வீட்டு மண்டபத்திலதான் சேர் மாட்டப் போறன். அப்பா ஆணியும் அடிச்சு வைச்சிட்டுத்தான் போனவர்” என்றான். வண்டியில் ஏறியவன் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தான்.

“அப்பா எப்பவாவது உங்களைக் கண்டாச் சொல்லிப்போடாதீங்க, சேர்.”