ஆகாச கருடனும் ஒரு பழைய பாடத் திருத்தமும்



நம்ம பவானிப் பக்கம் பல வீட்டு வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கயிற்றில் தொங்கும். தண்ணீர் ஊற்றாமலே துளிர்த்துக் கொடி விடும். "காற்றைக் குடித்தே வாழுது பாருங்க" என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தவறு.

அது கோவை, பூசணி குடும்பத்துக் கொடி. கிழங்கில் சேர்த்து வைத்த நீரையும் உணவையும் செலவழித்துத்தான் துளிர்க்கிறது. சேமிப்பு தீர்ந்தால் சுருங்கிக் காய்ந்துவிடும். நாமோ, "திருஷ்டியை அது வாங்கிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, காட்டில் தோண்டிய இன்னொரு கிழங்கை வாங்கிக் கட்டுகிறோம்.

இப்போது நர்சரிகளில் காற்றுச் செடி என்று விற்கும் டில்லான்சியா வேறு. அமெரிக்கக் கண்டங்களில் வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடி. அதற்கு மண் வேண்டாம்; வேர் பற்றிக்கொள்ள மட்டுமே. இலைமேல் உள்ள நுண்செதில்கள் நீரை உறிஞ்சும். ஆகவே அதற்கும் தண்ணீர் வேண்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நீரில் முக்கி, தலைகீழாக உதறி, காற்றோட்டமான இடத்தில் காய வையுங்கள். நீர் தேங்கினால் அழுகிவிடும். வெளிச்சம் வேண்டும், நம் சித்திரை வெயில் நேராகப் படக்கூடாது.

காற்றை மட்டும் குடித்து எந்தச் செடியும் வாழாது. நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. கிழங்கு துளிர்த்ததும் தொட்டி மண்ணில் நட்டு, வாசலிலேயே படர விடுங்கள். காவலுக்கு வந்தது உயிரோடு இருக்கட்டுமே!

என்னிடம் படித்தவர்கள், உங்கள் பிள்ளைகளுக்காவது சரியாகச் சொல்லிக் கொடுங்கள் கண்ணுகளா.